இரண்டாவது அறை

அன்று அந்த வீட்டில் இருந்தவர்கள் ஆறு பேர். வீட்டுக்காரர் சக்கரபாணி, சுரங்கத்தில் பம்ப் பார்க்கிறவர், ஓய்வு பெற இன்னும் மூன்று வருஷம் இருந்தது. அவர் மனைவி மாணிக்கம்மாள். காடாம்புலியூரிலிருந்து இரண்டு நாள் தங்கிப் போக வந்திருந்த மூத்த மகள் தனம். சக்கரபாணியோடு வேலை பார்க்கும் முகமது யூசுப். அவன் மனைவி அக்தர் பேகம். குவார்ட்டர்ஸ் ஒதுக்கும் ஆபீசின் குமாஸ்தா கருணாகரன். இவர்களோடு இன்னொருவனும் கருணாகரன் கையிலிருந்த பழைய தாளில் இருந்தான்.

“வேணு, மகன், பன்னெண்டு வயசு,” என்று கருணாகரன் படித்தான். “இது அறுபத்திரண்டுல எழுதுனது. இப்போ பதினெட்டு ஆயிருக்கும். எங்க, வேலைக்குப் போயிட்டாரா?”

ஐப்பசி மழை ஜன்னல் கட்டையில் அடித்து உள்ளே தெறித்துக்கொண்டிருந்தது. சக்கரபாணி தன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“அவன் இல்லீங்க,” என்றாள் தனம். “தவறிட்டான். நீங்க தாள் எழுதுன அந்த வருசமே.”

கருணாகரன் மதுரைப் பக்கத்து ஆள். வேலைக்கு வந்து எட்டு மாதம்தான் ஆகியிருந்தது. “தெரியாதும்மா,” என்று சொல்லிவிட்டுப் பென்சிலால் அந்தப் பேரின் மேல் ஒரு கோடு போட்டான். கல்யாணமாகிப் போன தனத்தின் பேரிலும், குறிஞ்சிப்பாடியில் தறிக்காரனுக்கு வாழ்க்கைப்பட்ட இளையவள் பேரிலும் கோடு போட்டான். மூன்று கோடும் ஒரே மாதிரிதான் இருந்தன.

“ஆக நீங்க ரெண்டு பேரு, ரெண்டு ரூம். யூசுப் வீட்ல எட்டு பேரு, ஒரு ரூம். ரெண்டு குடும்பமும் மனசு ஒத்து மாத்திக்கிறதா எழுதிக் குடுத்தா ஆபீஸ்ல சரிம்பாங்க. கட்டாயம் ஒண்ணும் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும். அப்புறம் யூசுப் பேரு வேற ப்ளாக்கோட லிஸ்ட்டுக்குப் போயிரும். நீங்க பின்னாடி சின்ன வீடு கேட்டா எந்தக் கோடியில கிடைக்கும்னு நான் சொல்ல முடியாது.”

“வேணாம் சார்,” என்றார் சக்கரபாணி. அவர்கள் வந்து உட்கார்ந்ததிலிருந்து அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான். “நைட் பாக்கறவனுக்குப் பகல்ல தூங்க தனியா ஒரு ரூம் வேணும். ஒத்த ரூம்ல அவ ஒல வெக்க, நான் அங்கயே படுக்க, அது ஆவாது. தூங்காம போயி பம்புகிட்ட குந்துனா என்னா ஆவும்னு யூசுபக் கேளுங்க.”

மாணிக்கம்மாள் சுவரோரம் உட்கார்ந்து இலை தைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அந்த வீட்டை விட்டுப் போக வேண்டும். ஏன் என்று யாரிடமும் சொன்னதில்லை. முட்டி வலிக்கிறது, இவ்வளவு பெரிய வீட்டைப் பெருக்க முடியவில்லை என்றுதான் அக்தர் பேகத்திடம் சொல்லியிருந்தாள். அதை வைத்துத்தான் அக்தர் கருணாகரனைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள்.

“அதுக்குத்தாண்ணே நானே வந்தேன்,” என்றாள் அக்தர். “இனிமே நீங்க நைட்டு பாக்க வேணாம். ஆறு வருசமா இவரு நைட்ட எல்லாம் நீங்கதான எடுத்துகினு இருக்கறீங்க. இவரு மட்டுமா, மத்தவங்க நைட்டக்கூட கேட்டு வாங்கிக்கறீங்களாம். கூடப் பொறக்காத அண்ணன்னு நானும் எங்க மாமியாரும் பேசிக்காத நாளு இல்ல. போதும்ணே. இனி இவரு நைட்ட இவரே பாக்கட்டும். நீங்க மொத ஷிப்டுக்குப் போயிட்டு ராத்திரி நிம்மதியா படுங்க.”

“நீ சும்மா இரு,” என்றான் யூசுப்.

“நல்லதத்தான சொல்றேன்.”

மாணிக்கம்மாளின் கையில் ஈர்க்குச்சி பாதி இலையில் ஏறி நின்றது. அவள் புருஷனை நிமிர்ந்து பார்த்தாள். அவர் இன்னும் கட்டைவிரலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் வேலையிலிருந்து வந்து, “என்னைய பர்மனெண்ட் நைட்ல போட்டுட்டாங்க,” என்று சொன்னவர் அவர். அவளும் கம்பெனி போட்டது என்றுதான் இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தாள்.

வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டு, மழை விட்டதும் போனார்கள். கையெழுத்துப் போட வேண்டிய தாளை மட்டும் கருணாகரன் வைத்துவிட்டுப் போனான்.

*

நிலக்கரிக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது. சும்மா கிடக்கிற தண்ணீர் அல்ல, மேலே வரத் துடிக்கிற தண்ணீர். சுரங்கத்தைச் சுற்றிக் கிணறு இறக்கி, இரவும் பகலும் பம்ப் வைத்து அதை இறைத்துக்கொண்டே இருந்தால்தான் அடியில் ஆள் நிற்க முடியும். ஒரு பம்ப் நின்றால் பக்கத்துப் பம்ப் தாங்கும். இரண்டு நின்றால் போன் பறக்கும். பம்ப் பார்க்கிறவனுக்கு வேலை என்று பெரிதாக ஒன்றுமில்லை; முழித்துக்கொண்டு இருப்பதுதான் வேலை. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே விடியும்வரை முழித்திருப்பது எப்படிப்பட்ட வேலை என்று செய்தவனுக்குத்தான் தெரியும். சின்னதுரை என்று ஒருவன் அதே வரிசையில் வேலை பார்த்தான். ஒரு மார்கழி விடியற்காலை சுவரில் சாய்ந்தவன் கண் அசந்துவிட்டான். பம்ப் நின்றது அவனுக்குத் தெரியவில்லை. வேலை போய், குவார்ட்டர்ஸ் போய், பெண்டாட்டி பிள்ளைகளோடு தட்டுமுட்டுச் சாமானைக் கட்டிக்கொண்டு பஸ் ஏறினான்.

சின்னதுரை பஸ் ஏறியதைப் பார்த்த பெண்கள் தங்களுக்குள் ஒரு சட்டம் வைத்துக்கொண்டார்கள். நைட் பார்த்துவிட்டு வந்து படுத்தவனை எழுப்பக் கூடாது. அந்தத் தெருவில் யார் வீட்டில் நைட் ஷிப்டோ அந்த வீட்டுக் கதவில் சுண்ணாம்பால் ஒரு கோடு இருக்கும். மீன்காரி அந்தக் கோட்டைப் பார்த்தால் கூவாமல் தாண்டிப் போவாள். பிள்ளைகளைப் பக்கத்துத் தெருவுக்கு விளையாட விரட்டுவார்கள். குழாயடியில் குடம் வைக்கிற இடத்தில் சாக்கு போட்டார்கள். உலக்கை பிடிக்கிறவள் கோடு இல்லாத வீடாகப் பார்த்துப் போனாள்.

மாணிக்கம்மாள் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து நடவுக்கும் களையெடுப்புக்கும் போனவள். டவுன்ஷிப்புக்கு வந்த பிறகு சும்மா உட்கார முடியாமல் முறுக்கு சுட்டுப் பார்த்தாள்; சட்டி சத்தம். அப்பளத்துக்கு மாவு இடித்துப் பார்த்தாள், அதுவும் சத்தம். கடைசியில் கிடைத்தது இலை தைக்கிற வேலை. வாரத்துக்கு ஒரு தரம் கட்டுக் கட்டாக ஓட்டலுக்குப் போகும். இலைக்குச் சத்தம் கிடையாது.

ஒரே ஒரு தரம் அவள் அவரை எழுப்பியிருக்கிறாள். அவருடைய சொந்தத் தம்பி ஊரிலிருந்து வந்து நின்றபோது. படுத்திருந்தவர் கண்ணைத் திறக்காமலே தலைமாட்டிலிருந்த பித்தளைச் சொம்பை எடுத்து வீசினார். அவள் புருவத்துக்கு மேல் பட்டது. தம்பி அப்படியே திரும்பிப் போய்விட்டான்.

அதற்கு அடுத்த ஆடியில் வேணுவுக்கு வாந்தியும் பேதியும் கண்டது. விடியற்காலை ஆரம்பித்தது. சக்கரபாணி ஆறரை மணிக்கு வந்தபோது பையன் சுருண்டு படுத்திருந்தான். “என்னாவாம்?” என்று கேட்டார். “கண்டதத் தின்னிருக்கறான்,” என்றாள். அவர் கூழ் குடித்துவிட்டுப் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். எட்டு மணிக்கு நிற்காமல் போனது. சுக்குத்தண்ணீர் கொடுத்தாள், கஞ்சித்தண்ணீர் கொடுத்தாள், எல்லாம் வெளியே வந்தது. பத்து மணிக்குப் பையனுக்குக் கை கால் இழுத்தது. பன்னிரண்டு வயதுப் பையன், வளர்த்தி. தூக்கிப் பார்த்தாள், முடியவில்லை. ஆஸ்பத்திரி மூன்று மைல். தெருவில் ஆண்பிள்ளைகள் எல்லாம் முதல் ஷிப்டில் இருந்தார்கள், இல்லாவிட்டால் கோடு போட்ட கதவுகளுக்குப் பின்னால் இருந்தார்கள். இரண்டு மணிச் சங்கு ஊதிய பிறகு ஷிப்டு முடிந்து வந்த யூசுப்தான் பையனைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடினான். ஆஸ்பத்திரியில் செய்ய ஒன்றும் மிச்சமிருக்கவில்லை.

யாரும் யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சக்கரபாணி பர்மனெண்ட் நைட் ஆனார். அவர் பின்னறையில், அவள் முன்னறையில். காலையில் அவர் வரும்போது கூழ் இருக்கும். சாயங்காலம் அவர் எழுந்து வெளியே போய்விடுவார், டீக்கடை, அப்புறம் வேலை. இரண்டு பெண்களையும் கட்டிக் கொடுத்தார்கள். அந்தக் காரியங்களுக்கு எவ்வளவு பேச வேண்டுமோ அவ்வளவு பேசிக்கொண்டார்கள். பையன் கிடந்த இடம் முன்னறையில் அடுப்படிக்குப் போகிற வழியில் இருந்தது. மாணிக்கம்மாள் அதை ஒரு நாளைக்கு நாற்பது தரம் தாண்டினாள்.

*

திங்கட்கிழமை காலை அவர் வந்து தலை துவட்டிவிட்டுக் கூழுக்கு உட்கார்ந்தார். நேற்று வைத்த கெளுத்திக் குழம்பைச் சுண்ட வைத்து ஒரு கிண்ணத்தில் வைத்திருந்தாள். அவர் இரண்டு வாய் குடிக்கும்வரை விட்டுவிட்டு, “ஒன்ன யாரு நைட்ல போட்டது?” என்று கேட்டாள்.

“கம்பெனி.”

“கம்பெனின்னா யாரு? அதுக்குப் பேரு இல்லியா?”

அவர் முள்ளைப் பிரித்துக்கொண்டே இருந்தார். “தூக்கம் வருது,” என்றார். பாதிக் கூழை வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டார்.

தனம் அடுப்படியில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். “எம்மா, அப்பாகிட்ட எதுக்கு வம்பு பண்ணிகினு இருக்கற? வூடு மாத்தறது வேணாம். ரெண்டு ரூம் இருக்கற வூட்ட யாராவது குடுப்பாங்களா? நானும் தங்கச்சியும் புள்ளைங்கள இட்டுகினு வந்தா எங்க படுக்கறது?”

“வருசத்துக்கு ரெண்டு நாளு வர்ற. அதுவும் ஒன் மாமியா வூடு ஒழுவுனாத்தான் வர்ற.”

“வந்தா எடம் வேணும் இல்ல?”

“ஒன் மாமியா வூட்ல எனக்கு எடம் இருக்கா? போன தபா முந்திரிக்கொட்ட மூட்டைங்களுக்கு நடுவுல ஒரு கோணி போட்டுக் குடுத்தாங்க. காத்தால எழுந்தா என் முதுவுல ஒரு படி கொட்ட ஒட்டிகினு இருக்குது.”

தனம் சிரித்துவிட்டாள். பிறகு குரலை இறக்கி, “அந்த யூசுபு பொண்டாட்டி சொன்னது நெசமா? அப்பாவா கேட்டு வாங்கிகினாரா?” என்றாள்.

“ஒங்கப்பனக் கேளு.”

“நான் எப்பிடிக் கேக்கறது?”

“அப்ப கீரைய உருவு.”

தனம் அன்று மத்தியானம் பண்ருட்டி பஸ்ஸுக்குப் போனாள். போகும்போது மழைக்கு ஒரு கோணியைத் தலையில் கொங்காணி போட்டுக்கொண்டு, “எனக்கென்னா, நீங்க ரெண்டு பேரும் பாத்து செய்யுங்க,” என்றாள். அவள் மனசிலும் அந்த நாள் கிடக்கிறது என்று மாணிக்கம்மாளுக்கு அப்போதுதான் பட்டது. வேணு இறந்தபோது தனத்துக்குப் பதினாறு வயது. அன்றைக்குப் பார்த்துத் தங்கச்சியையும் கூட்டிக்கொண்டு, அம்மாவைப் பெற்ற ஆயா வீட்டுக்குப் போயிருந்தாள்.

செவ்வாய்க்கிழமை மூன்று மணிவாக்கில் மாணிக்கம்மாள் அக்தர் பேகத்தின் வீட்டைப் பார்க்கப் போனாள். எத்தனையோ தரம் வாசலில் நின்று பேசியிருக்கிறாள், உள்ளே போனதில்லை. ஒரு அறை, ஒரு ஓரம் அடுப்பு, பின்னால் கையகலம் தாழ்வாரம். நடுவில் கட்டிலில் யூசுப்பின் அம்மா ஜான் பீவி உட்கார்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் ஒரு பிள்ளை படுத்துக்கொண்டு வாய்ப்பாடு ஒப்பித்துக்கொண்டிருந்தது. இரண்டு பிள்ளைகள் ஒரு சட்டைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருந்தன. இவ்வளவுக்கும் நடுவில் முதல் ஷிப்ட் முடிந்து வந்த யூசுப், துண்டை முகத்தில் போட்டுக்கொண்டு தரையில் தூங்கிக்கொண்டிருந்தான்.

“வாங்கக்கா, அவரத் தாண்டியே வாங்க. ஒண்ணும் ஆவாது,” என்றாள் அக்தர்.

மாணிக்கம்மாள் சுவரை ஒட்டியே சுற்றி வந்து உட்கார்ந்தாள். “தூங்கறாரே,” என்று கிசுகிசுத்தாள்.

“ஏன் திருடி மாதிரி பேசறீங்க? இவரு மேல லாரி போனாக்கூட எழுந்துருக்க மாட்டாரு.”

“ராத்திரி எல்லாரும் எங்க படுக்கறீங்க?”

“மாமி கட்டில்ல. அடியில சின்னவனுங்க ரெண்டு பேரு. கதவோரம் பெரியவன். பொண்ணுங்க அடுப்பாண்ட. நடுவுல நாங்க. யாராவது வெளிய போவணும்னா மொத்தப் பேரும் எழுந்து உக்காந்துதான் ஆவணும். இந்த வூட்ல ரகசியம்னு ஒண்ணு கெடையாதுக்கா. யாரு யாரத் திட்டுனாலும் எட்டு பேருக்கும் பங்கு உண்டு.”

“எம் மவன் என்னத் திட்டறது அந்தக் கோடி வூட்டுக்குக் கூட கேக்கும்,” என்றாள் ஜான் பீவி.

“நீங்க திட்டறது பண்ருட்டிக்கே கேக்கும் மாமி.”

அக்தர் தேநீர் போட எழுந்தாள். சர்க்கரை டப்பா மேல் தட்டில் இருந்தது. எட்டிப் பார்த்தாள், எட்டவில்லை. திரும்பி விளக்குமாற்றுக் கட்டையால் யூசுப்பின் விலாவில் இரண்டு குத்துக் குத்தினாள். “எழுந்துருங்க. டப்பா எட்டல.”

மாணிக்கம்மாளின் கை தானாகப் புருவத்துக்குப் போனது.

யூசுப் எழுந்தான். கண்ணைச் சரியாகத் திறக்காமலே நடந்துபோய் டப்பாவை எடுத்துக் கொடுத்தான். “வாங்கக்கா,” என்றான் மாணிக்கம்மாளைப் பார்த்து. பழைய இடத்தில் போய்ப் படுத்துத் துண்டைப் போட்டுக்கொண்டான். அக்தர் தண்ணீர் கொதிக்க வைப்பதற்குள் மறுபடி குறட்டை விட்டான்.

அவ்வளவுதான். வேறு ஒன்றும் நடக்கவில்லை. மாணிக்கம்மாள் தேநீரை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு அது ஆறும்வரை அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

*

புதன்கிழமை காலை அவர் பின்னறைக்குப் போய்க் கதவைச் சாத்தியதும், அவள் எழுந்துபோய் அந்தக் கதவைத் திறந்தாள். ஆறு வருஷத்தில் அவர் உள்ளே இருக்கும்போது அவள் அதைத் திறந்ததில்லை. ஜன்னலில் தார்க்காகிதம் ஒட்டியிருந்ததால் உள்ளே இருட்டு. பம்ப் ஆயில் வாடையும் பீடி வாடையும் அடித்தது. அவர் பாயில் உட்கார்ந்திருந்தார், படுக்கவில்லை.

“தூங்கலியா?”

“இல்ல.”

“பகல்ல தூங்கறதே இல்லியா?”

“வந்தா தூங்குவேன். பாதி நாளு வராது.”

“பின்ன எதுக்கு இந்த ரூம் வேணும்ங்கற?”

அவள் கதவுச் சட்டத்தில் சாய்ந்து உட்கார்ந்தாள். முட்டியை நீட்டிக்கொண்டாள்.

“நைட்ட நீயாத்தான் கேட்டு வாங்கிகின.”

“ஆமா.”

“என் மூஞ்சிய பாக்கக் கூடாதுன்னு.”

“அப்பிடி இல்ல.”

“பின்ன எப்பிடி? சொல்லு. நான்தான் புள்ளையக் கொன்னவன்னு நெனச்சிகின. அத வாயால சொல்லாம, நைட்டு நைட்டுன்னு ஓடிகினு இருந்த. நானும் அத்தத்தான் நெனச்சிகினு இருக்கறேன். அன்னிக்கி நான் இந்தக் கதவாண்ட வந்து நின்னேன். கைய ஓங்கிகினு நின்னேன், தட்டல. மூணு தபா வந்தேன், மூணு தபாவும் திரும்பிப் பூட்டேன்.”

“நாலு தபா,” என்றார் சக்கரபாணி.

அவளுக்கு முதலில் விளங்கவில்லை. “என்னா நாலு?”

“நாலு தபா வந்த. மொத தபா வளையல் கதவுல பட்டுது. ரெண்டாந்தபா மூக்க உறிஞ்சன. மூணாந்தபா ரொம்ப நேரம் நின்ன. நாலாந்தபா வந்து ஒடனே பூட்ட, பையன் கூப்ட்டான், அதான்.”

வெளியே மழை பிடித்துக்கொண்டது. முன்னறை ஜன்னலைச் சாத்த வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்திருக்கவில்லை.

“முழிச்சிகினா இருந்த?”

“முழிச்சிகினுதான் இருந்தேன். அவன் வாந்தி எடுக்கறதும் கேட்டுது. ஒடம்பு அடிச்சிப் போட்டாப்ல இருந்துது. அதுக்கு மொத நாளும் தூங்கல. கூப்புடட்டும், கூப்ட்டா எழுந்துருக்கலாம்னு கெடந்தேன். நீ கூப்புடல. கூப்புடலன்னா பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னு நெனச்சேன். அப்பறம் தூங்கிட்டேன். யூசுபு வந்து கத்தறப்பதான் முழிச்சேன்.”

“கூப்ட்டிருந்தா சொம்பத் தூக்கி அடிச்சிருப்ப.”

“அடிச்சிருப்பேன்,” என்றார். “அடிச்சிட்டு எழுந்து வந்திருப்பேன்.”

மாணிக்கம்மாள் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். அழவில்லை. முன்னறைக்கு வந்து ஜன்னலைச் சாத்தினாள். நனைந்திருந்த இலைக் கட்டை இழுத்துப் பிரித்துப் போட்டு உட்கார்ந்து தைக்க ஆரம்பித்தாள். சாயங்காலம்வரை தைத்தாள். ஓட்டலுக்குக் கட்டும்போது பார்த்தால் பாதி இலை காம்பும் நுனியும் மாறித் தைத்திருந்தது. அவ்வளவையும் பிரித்தாள்.

அன்று அவர் டீக்கடைக்குப் போகவில்லை. வேலைக்குப் போகும் நேரம்வரை பின்னறையிலேயே இருந்தார். போகும்போது, “வரேன்,” என்றார். அவள் தலையைத் தூக்கவில்லை.

*

வியாழக்கிழமை காலை கூழ் இருந்தது. தொட்டுக்கொள்ள வெங்காயம் மட்டும் இருந்தது. அவர் குடித்து முடித்ததும் கருணாகரன் வைத்துவிட்டுப் போன தாளைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள்.

“போயி கையெழுத்து போட்டுக் குடுத்துட்டு வா.”

“புள்ள, சொல்றதக் கேளு. வேணும்னா நீ போயி தனத்துகிட்ட கொஞ்ச நாளு இரு. நான் இங்க எப்பிடியாவது இருந்துக்கறேன்.”

“முந்திரிக்கொட்டையோட படுக்கச் சொல்றியா?”

“ஒத்த ரூம்ல ஒன் மூஞ்சிய நான் எப்பிடி பாத்துகினு இருப்பேன்?”

“பாரு. கஷ்டமாத்தான் இருக்கும். பாரு.” அவள் அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். “நான் நேத்தெல்லாம் நெனச்சிப் பாத்தேன். ஒன்ன வெட்டிப் போடலாம்னு இருந்துது. அப்பறம் நானுந்தான நின்னேன்னு இருந்துது. ரெண்டும் மாத்தி மாத்தி வருது. ஒன்ன மன்னிச்சிட்டேன்னு மட்டும் நெனச்சிக்காத. அது எனக்குத் தெரியாது, வந்தா வரட்டும், வராங்காட்டி போவட்டும். ஆனா ஆறு வருசமா நான் இந்த ரூம்ல குந்திகினு நான்தான்னு நெனச்சிகினு இருந்தேன். நீ அந்த ரூம்ல குந்திகினு நீதான்னு நெனச்சிகினு இருந்த. நடுவுல ஒரு கதவு. இந்த ரெண்டு ரூம் இல்லாங்காட்டி, ஆறு மாசத்துல அடிச்சிகினாவது பேசியிருப்போம்.”

“நைட்டு இருக்குதே.”

“மாத்து. யூசுபு நைட்ட யூசுபுக்குக் குடு. ஒன் பங்குக்கு நைட்டு வந்தா வரட்டும். அந்த வூட்ல அந்த ஆளு வெளக்கமாத்துக் கட்டையால குத்து வாங்கிகினு தூங்கறாரு. ஒன்னால முடியாதா?”

“தூங்காம போயி பம்பு நின்னுதுன்னா?”

“இப்ப மட்டும் தூங்கிட்டா போவுற?”

சக்கரபாணி தாளை எடுத்துப் பார்த்தார். மூன்று பேர்களின் மேல் கோடு போட்டிருந்த பழைய தாளும் அதோடு குண்டூசியில் குத்தியிருந்தது. வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, நைட் பார்த்த உடம்போடு, மழையில் ஆபீசுக்கு நடந்தார்.

*

ஞாயிற்றுக்கிழமை மாற்றினார்கள். சாமான் ஒரு தள்ளுவண்டியில் இரண்டு நடையில் போய்விட்டது. அந்தப் பக்கம் யூசுப் வீட்டுச் சாமான் ஏழு நடை. ஜான் பீவி கட்டிலை விட்டு இறங்க மாட்டேன் என்றாள். பேரப்பிள்ளைகளும் தெருப் பையன்களுமாகக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்தார்கள். “நான் இன்னும் சாவல, மய்யித்தத் தூக்கற மாதிரி தூக்காதீங்கடா, ஆட்டி ஆட்டித் தூக்குங்க,” என்று அவள் வழியெல்லாம் கத்திக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் பின்னறைக்குள் ஓடின. தார்க்காகிதத்தைப் பிய்த்தன. வெறும் அறையில் கத்தினால் எதிரொலிக்கிறது என்று கண்டுபிடித்து மாற்றி மாற்றிக் கத்தின. சக்கரபாணி வாசலில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருந்தார். “சத்தமா இருக்குதாண்ணே?” என்று யூசுப் கேட்டான். “இருக்கட்டும்,” என்றார்.

மாணிக்கம்மாள் முன்னறையைக் கடைசியாக ஒரு தரம் பெருக்கினாள். அடுப்படிக்குப் போகிற வழியில் அக்தரின் பெண் பானையைக் கொண்டுவந்து வைத்தாள். “அங்க வெக்காத,” என்று சொல்ல வாயெடுத்தவள் சொல்லவில்லை. அந்தப் பெண்ணுக்கு அது பானை வைக்கிற இடம்.

அன்றிரவும் சக்கரபாணிக்கு நைட் இருந்தது. ஏற்கெனவே ரிஜிஸ்தரில் எழுதிக் கொடுத்த மாற்று, அதுதான் கடைசி.

திங்கட்கிழமை காலை ஆறு மணிச் சங்கு ஊதி முக்கால் மணி நேரம் ஆகியும் அவர் வரவில்லை. மாணிக்கம்மாள் புதுவீட்டில் அடுப்பு பற்றவைத்துக் கூழைக் கிண்டி இறக்கியிருந்தாள். ஈர விறகு, அறை முழுக்கப் புகை. சுவரோரம் ஒரு பாயை விரித்திருந்தாள். அதற்கு இரண்டு முழம் தள்ளி இலைக்கட்டும் அவள் உட்காரும் மணையும் இருந்தன. அதற்கு மேல் தள்ளிப் போட இடமில்லை.

ஏழு மணிக்கு மேல் அவர் வந்தார். உள்ளே வரவில்லை. தூறலில் படிக்கு வெளியே நின்றார். சட்டை தோளோடு ஒட்டியிருந்தது.

“பழைய வூட்டுக்குப் போயிட்டியா, பழக்கத்துல?”

“இல்ல. யூசுபு வூட்டுக்குத்தான் போனேன். வேணும்னுதான் போனேன்.” அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். “இன்னிக்கி ஒரு நாளைக்கி பின் ரூம்ல படுத்துக்கட்டுமான்னு கேட்டேன். புள்ளைங்கள எல்லாம் வெளிய அனுப்பிடறேன், வாங்கண்ணேன்னான். ஒன்னாண்ட சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன். ஒரு நாளைக்கித்தான்.”

அவள் அவரைப் பார்த்தாள். அவரும் பார்த்தார். கண் சிவந்து, கீழ் இமை தொங்கி, கிழவன் ஆகியிருந்தார். இத்தனை வருஷத்தில் அந்த முகத்தைப் பகல் வெளிச்சத்தில் நேருக்கு நேராக இவ்வளவு நேரம் அவள் பார்த்ததில்லை. தெருவில் பால்காரன் மணி அடித்துக்கொண்டு போனான்.

“புள்ளைங்க மழையில எங்க போவும்?” என்றாள்.

அவர் நின்றுகொண்டே இருந்தார்.

“கூழு ஆறுது. உள்ள வா.”

அவர் ஒரு காலை எடுத்துப் படியில் வைத்தார். மறு காலை எடுத்து வைக்க நேரமாயிற்று. தலையைக் குனிந்துகொண்டு, அவளை உரசாமல் போக முடியாத அந்த வாசலில் உரசிக்கொண்டு உள்ளே போனார். மாணிக்கம்மாள் அவருக்குப் பின்னால் கதவைச் சாத்தி, மழையில் ஊதியிருந்த பலகையை முட்டியால் அழுத்தித் தாழ்ப்பாளைப் போட்டாள்.